கோவளத்தில் ஒரு ஷிப்ட் ஒப்படைப்பு

நெய்வேலியிலிருந்து கடல் பார்ப்பதற்காகத் திருவனந்தபுரம் வரை போன புத்திசாலிகள் நானும் என் மனைவி சரோஜாவுமாகத்தான் இருப்போம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கடலூர். அங்கே கடலுக்கு ஒரு குறையும் இல்லை. மாசி மகத்துக்கு வருஷம் தவறாமல் போய் முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியில் மணலோடு திரும்புகிறவர்கள்தான் நாங்கள். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களேண்ணா" என்று எதிர் குவார்ட்டர்ஸ் விஜயா டீச்சர் முகத்துக்கு நேராகவே கேட்டார். கோயம்புத்தூர்க்காரர், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். நான் சிரித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடல் பார்க்கப் போகவில்லை. சரோஜாவுக்கு இடது மார்பில் கட்டி. பண்ருட்டியில் ஒரு டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் டியூட்டிக்குப் போனேன்.

டவுன்ஷிப்பிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிஷம். வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே சீட்டு எழுதுகிறவர் எங்கள் பிளாக். ஊசி போடுகிற அம்மா அடுத்த பிளாக். மருந்து எடுத்துக் கொடுப்பவர் எங்களுக்குச் சம்பந்தி ஆகப்போகிற சேத்தியாத்தோப்புக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. காலையில் இங்கே இருமினால் மாலையில் மைன்ஸ் கான்டீனில் விசாரிப்பார்கள். எங்கள் ஒரே மகள் தமிழ்ச்செல்விக்கு நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை மைன்ஸில் பர்மனன்ட். 'பெண்ணின் தாய்க்கு அந்த வியாதியாம்' என்று ஒரு வார்த்தை போனால் போதும். இன்றைக்குத் தாய்க்கு, நாளைக்கு மகளுக்கு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தோம். மெட்ராஸ், வேலூர் என்று போனால் அங்கே எந்த வராந்தாவிலும் நெய்வேலி முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். திருவனந்தபுரத்துக்கு யாரும் போவதில்லை. அருகிலேயே கோவளம், வெள்ளைக்காரர்கள் வரும் கடற்கரை. குடும்பத்தோடு ஊர் சுற்றிவர எங்களுக்கு எல்.டி.சி. என்றொரு பயணச் சலுகை உண்டு. அதில் கோவளம் என்று எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் விண்ணப்பம் அதுதான்.

மகளைக் கூட்டிப் போகாததற்கும் காரணம் தயார் செய்தோம். கல்யாணப் பெண் கடற்கரை வெயிலில் கறுத்துவிடுவாள் என்று சொல்லி, முத்தாண்டிக்குப்பத்தில் சரோஜாவின் தங்கை வீட்டில் விட்டோம். மகளுக்கும் சரி, தங்கைக்கும் சரி, ஒன்றும் தெரியாது. விஜயா டீச்சர் நேந்திரம் சிப்ஸும் கிளிஞ்சல் மாலையும் கேட்டார். "கடலு தெரியற மாதிரி ரெண்டு பேரும் சோடியா ஒரு போட்டோ எடுத்துட்டு வரோணும். இல்லாட்டி நீங்க போனதையே நம்ப மாட்டேன்" என்றார். தீபாவளி முடிந்த கையோடு கிளம்பினோம்.

திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்கும்போது மழை. எங்கள் ஊரில் மழை என்றால் எனக்கு வேலை கூடும். நான் மைன்ஸில் பம்பு ஆபரேட்டர். நிலக்கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாகப் பம்புகள் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். இருபது வருஷமாகத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, மழை என்று ஒன்று பெய்வதையே கவனிக்காமல் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும். பொறுமையானவர். சதை எடுத்து முடிந்ததும், "வெள்ளிக்கிழமை ரிசல்ட். அதுவரைக்கும் இந்த வராந்தாவில் உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க? கோவளம் பக்கம்தான், போய்ட்டு வாங்க" என்றார். நாங்கள் ஊரில் சொன்ன பொய்யை அவரே உத்தரவாகக் கொடுத்துவிட்டார். சரோஜா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதப் பத்தி எங்க ஊருக்குக் கடுதாசி கிடுதாசி போடுவீங்களாம்மா?"

அன்று லாட்ஜ் பக்கத்து ஓட்டலில் சாப்பாடு. சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. தம்ளரில் வெந்நீர் வைத்தார்கள். அது இளஞ்சிவப்பாக இருந்தது. சரோஜா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னாங்க இது, எலை கழுவுன தண்ணியாட்டம் இருக்குது?" ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சுகிறார்களாம், உடம்புக்கு நல்லதாம். அதைக் கேட்டதும் அவள் இரண்டு தம்ளர் குடித்தாள். உடம்புக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிக் குடித்துவிடும் நிலைமைக்கு வந்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை கோவளம் பஸ். ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாய்த் துணியை அவிழ்த்துவிட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஜன்னல் துணி பாதியில் சிக்கிக்கொண்டது. நான் பம்பு வால்வைத் திருப்புகிற நினைப்பில் பலமாக இழுத்ததில் கயிறு அறுந்து, துணி மொத்தமும் முன் சீட்டுப் பெரியவர் தலையில் விழுந்தது. அவர் அதை அப்படியே போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். பின்னால் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். மைன்ஸில் மலையாளிகளோடு வேலை பார்த்த பழக்கத்தில் எனக்கு அது புரிந்தது. ஒருத்தி, "தமிழ்நாட்டுக்காரங்க, கடல் பார்க்க வந்திருக்காங்க" என்றாள். மற்றவள், "அந்தப் பொம்பளையைப் பார், ரத்தமே இல்லை. கடல் பார்க்கவா வந்திருக்கா?" என்றாள்.

சரோஜாவுக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் முந்தானையை இழுத்து இடது தோளை மூடிக்கொண்டாள்.

கோவளம் அழகான இடம். அதைச் சொல்லாவிட்டால் பயணம் எழுதுகிறவனுக்கு அடுக்காது. பிறை வளைவுகளாய் மணல், நடுவே பாறை, ஒரு கோடியில் கலங்கரை விளக்கு. மண்ணைத் தோண்டித் தோண்டி மலையாய்க் கொட்டும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, யாரும் கை வைக்காத அந்த மண் நம்ப முடியாததாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. மணல் நெடுக வெள்ளைக்காரர்கள் துணியில்லாத குறையாகப் படுத்திருந்தார்கள். நாம் வெயிலுக்குப் பயந்து மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், இவர்கள் வெயிலுக்காகக் கப்பலேறி வருகிறார்கள்.

சரோஜா முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு துண்டுத் துணியோடு அலையிலிருந்து ஓடிவந்த ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வெச்சவ. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

கரையோரமாய் ஓலைக் கொட்டகைச் சாயாக்கடை ஒன்று. நடத்துகிற பெண்மணியிடமே ஒரு அறையும் கிடைத்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கும் சிவக்கச் சிவக்க மீன் குழம்பும் வைத்தார். எங்கள் பக்கம் கிழங்கை வெல்லத்தோடு தின்போம். மீனோடு தின்பது எனக்குப் புதிது. சரோஜா இரண்டு விள்ளல் தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

புதன் காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டேன். மைன்ஸ் சங்குக்காகக் காத்திருந்தேன், ஊதவில்லை. எங்கள் ஊரில் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். இங்கே கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பம்பு ஹவுஸில் அந்த இரைச்சல் நின்றால்தான் பயப்பட வேண்டும். இந்தத் தண்ணீரை யார் இறைப்பது என்று அரைத்தூக்கத்தில் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க நோட்டு இருக்குதா?"

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் வைத்திருப்பேன். தொழில் பழக்கம். எங்கள் வேலையில் ஷிப்ட் முடிந்தால் எழுந்து வந்துவிட முடியாது. அடுத்த ஆள், ரிலீவர், வர வேண்டும். எந்தப் பம்பு ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது, மட்டம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லி, லாக் புத்தகத்தில் எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழலாம். ரிலீவர் வராவிட்டால் டபுள் டியூட்டி. எத்தனையோ இரவுகள் இதைச் சொல்லித்தான் சாப்பாட்டுக்கு வராததற்கு அவளைச் சமாதானம் செய்திருக்கிறேன். இருபது வருஷம் கேட்டவளுக்கு விதி முழுக்க மனப்பாடம்.

"எழுதிக்குங்க. ரேசன் கார்டு அரிசி டின்னு அடியில இருக்குது."

"ஏன், இப்ப அரிசி வாங்கவா போறோம்?"

"எழுதுங்கன்னா எழுதுங்களேன். பொழுது போவணும் இல்ல?"

பொழுது போகட்டும் என்றுதான் எழுதினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முருங்கையை வருஷா வருஷம் கிளை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பளிப்பூச்சி. முந்திரிப் பருப்பு தங்கை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறது. சீர் பலகாரத்துக்கு அதைத்தான் எடுக்க வேண்டும், கடையில் வாங்கக் கூடாது. தமிழ்ச்செல்விக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் மாத்திரை கூடாது, சுக்குப் பற்று. முதல் பத்திரிகை என் அக்காவுக்கு. "அவங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லன்றதுக்காவ வுட்டுடாதீங்க. போய்க் கால்ல வுழுந்து கூப்புடுங்க." கூறைப்புடவை இரும்புப் பெட்டியில், வேப்பிலையோடு. சம்பந்தியம்மா ஏதாவது சுருக்கென்று சொன்னால் நான் பதில் பேசக் கூடாது. "ஒங்களுக்கு வாய் அடங்காது. நான் இருந்தா முழங்கையால இடிச்சிக்கினு இருப்பேன்."

'நான் இருந்தா' என்றபோது பேனா நின்றுவிட்டது.

"என்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? பதினொண்ணாவது எழுதுங்க."

"ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான் சரோஜா. ஒண்ணும் இருக்காது. சாதாக் கொழுப்புக் கட்டின்னு சொல்லுவாங்க பாரு."

அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாசியில கையில பட்டுதுங்க. மாசி மகத்துல முழுகறப்ப. அப்பதான் பொண்ணு பாக்க வரோம்னு சொல்லி வுட்டிருந்தாங்க. நிச்சயம் முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் நீங்க பயந்துக்குவீங்கன்னு இருந்தேன்."

மாசியிலிருந்து ஐப்பசி. விரல் விட்டு எண்ணினேன். எட்டு மாதம் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். பூமிக்குள் முந்நூறு அடிக்குக் கீழே தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது என்று சொல்லத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. எழுந்து போய் அலையில் முழங்கால் வரை நின்றேன். திரும்பி வந்து பதினொன்றாவதை எழுதினேன்.

வியாழன் மதியம் வரை மழை. கிளிஞ்சல் மாலை வாங்கினோம். மூன்று மாலைக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசினாள்; ஊரில் காய்க்காரரிடம் பேசுகிற அதே சுருதி. வியாபாரி தமிழும் மலையாளமுமாகக் கும்பிட்டு, "அம்மா, நீங்க கடை வைங்க, நான் வாங்க வர்றேன்" என்றார். அவள் சிரித்தாள். அன்று ஒரு நிமிஷம் நாங்கள் நிஜமாகவே ஊர் சுற்ற வந்தவர்களாக இருந்தோம். போட்டோக்காரர் ஒருவர் கேமராவோடு பின்னாலேயே வந்தார். நான்தான் வேண்டாம் என்று விரட்டினேன். ரிசல்ட் நல்லபடி வந்த பிறகு நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்த டாக்டரம்மா சரோஜாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். சரோஜா போகவில்லை. "எனக்குத்தானம்மா வந்திருக்குது, என்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். அக்குள் வரை பரவியிருக்கிறது. உடனே சேர்ந்து அறுவை செய்தால், அதன் பிறகு கரன்ட் என்கிற கதிர் சிகிச்சை வைத்தால், பார்க்கலாம். "ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா நான் இவ்வளவு யோசிச்சுப் பேச மாட்டேன். உங்க ஊர்ப் பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லையா?"

சைக்கிளில் ஐந்து நிமிஷம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

வராந்தாவில் பெரிய சண்டை. சண்டை என்று நான்தான் சொல்கிறேன். அவள் குரல் உயரவே இல்லை. "தையில கல்யாணம். இப்ப அறுத்துக்கினு படுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். எவன் பொண்ணு எடுப்பான்? கல்யாணம் முடியட்டும், மறுநாளே வந்து படுத்துக்கறேன். மூணு மாசம்ங்க. எட்டு மாசம் இருந்தது, மூணு மாசம் இருக்காதா?" நான் கெஞ்சினேன். கத்தினேன். கடைசியில் சரி என்றேன். அந்தச் 'சரி'யை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போயாவது அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் இதை வேறு விதமாக எனக்கு எழுத வராது.

லாட்ஜுக்குப் போகலாம் என்றேன். "போட்டோ?" என்றாள். "டீச்சரு கேட்டாங்களே. போட்டோ இல்லன்னா சந்தேகம் வரும்."

மறுபடி அதே கோவளம் பஸ். மழை விட்டு, வெயில் சாய்ந்திருந்தது. போட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். கலங்கரை விளக்கு பின்னால் தெரிய நிற்க வைத்தார். என்னைத் தோளில் கை போடச் சொன்னார். எந்தத் தோள் என்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். அவளே என் கையைப் பிடித்து வலது தோளில் வைத்துக்கொண்டாள். கிளிஞ்சல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிரிக்கச் சொன்னதும் சிரித்தாள்.

போட்டோக்காரர் விலாசம் வாங்கிக்கொண்டு போன பிறகு மணலில் உட்கார்ந்தோம். அவள் நோட்டை என் பையிலிருந்து எடுத்தாள். நாற்பத்தொரு வரிகள் ஆகியிருந்தன.

"எல்லாம் சொல்லிட்டேன். கையெழுத்துப் போடுங்க."

"என்ன கையெழுத்து?"

"பெற்றுக்கொண்டேன்னு போடுவீங்களே."

"ரிலீவர் நான் இல்ல. எனக்கு இந்த வேலை தெரியாது. ரிலீவர் வராம நீ எழுந்திரிக்க முடியாது. டபுள் டியூட்டிதான்" என்றேன். சிரிப்பாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது, அவ்வளவு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், நாற்பத்தெட்டு வயதில், வாய் விட்டு அழுதுகொண்டிருந்தேன். அவள் நோட்டை மூடித் திரும்ப என் பையில் வைத்தாள்.

ஊர் வந்து சேர்ந்தோம். சிப்ஸ் நான்கு வீட்டுக்குப் போயிற்று. இரண்டு வாரத்தில் போட்டோ தபாலில் வந்தது. விஜயா டீச்சர் அதை எங்கள் வாசலில் நின்று வெளிச்சத்தில் பார்த்தார். "சரோஜாக்கா எத்தனை அழகா சிரிச்சிருக்காங்க. நீங்க ஏனுங்ணா யாரோ அடிச்ச மாதிரி நிக்கறீங்க?" போட்டோ ஒரு பிரதி சேத்தியாத்தோப்புக்கும் போயிற்று, சம்பந்தி வீட்டில் ரசித்தார்களாம்.

தையில் கல்யாணம் நடந்தது. முந்திரி தங்கை வீட்டிலிருந்து வந்தது. அக்கா காலில் விழுந்தேன், வந்தாள். சரோஜா பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். அந்த வாரமே கிளம்பித் திருவனந்தபுரம் போனோம். டாக்டரம்மா இந்த முறை அறுவையைப் பற்றிப் பேசவில்லை. சரோஜா பங்குனி கடைசியில், எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலேயே போனாள்.

துக்கத்துக்கு வந்த சம்பந்தியம்மா என் எதிரில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? கார்த்திகையிலயே மூணு முடிச்சிய போட்டுட்டு, அந்தம்மாவ நாங்களே இட்டுக்கினு போயிருப்பமே. பொண்ண வேணாம்னா சொல்லியிருப்போம்?"

பதில் பேசக் கூடாது என்று எழுதியிருந்தது. பேசவில்லை.

நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. முருங்கையை வருஷா வருஷம் வெட்டுகிறேன். தமிழ்ச்செல்விக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துக்கொண்டு போகிறேன். ஒரு வரி விடாமல் எல்லாம் நடக்கிறது. நாற்பத்தொன்றுக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாகவே கிடக்கிறது. நான் போட மாட்டேன். எங்கள் மைன்ஸ் விதிப்படி, ரிலீவர் கையெழுத்துப் போடாத வரைக்கும் அவள் டியூட்டியில்தான் இருக்கிறாள்.